பாரம் குறைந்த பக்கம்

இணையத்தின் வேகத்தைப் பற்றிப் பேசுவோர் வாய்க்காலின் அகலத்தையே பேசுகின்றனர். அதன் நீளத்தைப் பேசுவார் அரியர். செய்மதி வழியாக இணையம் பெறுவோரைப் பெரிதும் வருத்துவது அந்த நீளமேயாம். அவ்வருத்தத்தைத் தணிக்கும் கடமை, படிப்போனிலும் பார்க்கப் பக்கத்தை ஆக்குவோனுக்கே மிகுதியும் உரியது என்பது என் கருத்து.

பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்திய செய்மதி, பூமியோடு ஒத்துச் சுழன்று, வானில் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய செய்மதிகள் மூன்றைக் கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-ல் எழுதிக் காட்டியவர் ஆதர் சி. கிளார்க். 1956 தொடக்கம் 2008-ல் மறையும்வரை இலங்கையிலே வாழ்ந்தவர் அவர். ஆதலின் இப்பொருளில் நமக்கும் சிறிது உரிமை உண்டு.

ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்லும். அந்த வேகத்திலும், வினா ஏறி இறங்கி, விடை ஏறி இறங்க, அரைச் செக்கன் கழிந்துவிடும். இயற்கை விதித்த இத்தாமதத்தைக் காசு கொடுத்துக் குறைத்தல் இயலாது.

அரைச் செக்கன்தானே என்பீராயின், கணினி கேட்பது ஒருமுறை அன்று. முதலில் தளத்தின் முகவரியை விசாரிக்கின்றது. பின் அவ்விடத்தோடு பேசலாமோ என்று வினவுகின்றது. பின் இரகசியக் குறியீட்டுக்கு உடன்படிக்கை செய்கின்றது. பழைய முறையில் இதற்கே இருமுறை போய்வரல் வேண்டும், 2018-ல் வந்த முறையில் ஒருமுறை. அதன் பின்னரே ‘பக்கத்தைத் தருக’ என்கின்றது. எழுத்தொன்று கண்ணிற் படுமுன் இரண்டு மூன்று செக்கன் போயின. வந்த பக்கமோ, ‘படம் ஓரிடத்தில், எழுத்துரு வேறிடத்தில், விளம்பரம் பிறிதோரிடத்தில் உள, போய்க் கேள்’ என்கின்றது. இடந்தோறும் அந்தச் சடங்கு முழுவதும் மீண்டும் நிகழ்தல் வேண்டும்.

சரக்குக் கப்பலில் தொழில் புரியும் என் பழைய மாணாக்கன் ஒருவன், “ஐயா, ஒரு பாட்டும் அதன் உரையும் உள்ள பக்கம் கால் மணித்தியாலமாகியும் திறக்கவில்லையே” என்று எழுதினான். நடுக்கடலில் தமிழ் படிக்க விரும்பியவன் பெற்ற பேறு இது. அத்திலாந்திக் சமுத்திரத்திலே, நெப்போலியன் சிறையிருந்து மாண்ட சென் ஹெலினாத் தீவுக்குக் கடலடி வடத்தின் வழி இணையம் கிடைத்ததும் 2023-ல் தான். அதுவரை தீவார் யாவரும் செய்மதியையே நம்பியிருந்தனர்.

பாட்டுக்கும் உரைக்கும் என்ன பாரம் உண்டு? தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு மூன்று பைற். இக்கட்டுரை முழுவதும் 20 கிலோபைற்றளவில் அடங்கும். திருக்குறள் முழுவதையும் வெறும் எழுத்தாக அனுப்பினால், கைத்தொலைபேசியில் எடுத்த நிழற்படம் ஒன்றினும் குறைந்த இடமே கொள்ளும். இன்றைய வலைப்பக்கமோ பெரும்பாலும் இரண்டு மெகாபைற்றைத் தாண்டுகின்றது. நன்னூலார் வகுத்த குற்றங்கள் இங்கே உயிரோடு உலாவுகின்றன. படிக்க வந்தவனுக்குச் சவர்க்கார விளம்பரம் காட்டுவது மற்றொன்று விரித்தல். ஒரே சின்னத்தைப் பக்கந்தோறும் புதிதாக அனுப்புவது கூறியது கூறல். எழுத்தைப் படமாக்கி அனுப்புவது மிகைபடக் கூறல். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களை எழுத்து வடிவிலே ஏற்றிவைத்தமை எத்துணை நன்று!

படிப்போன் செய்யத்தக்கனவும் சில உள. உலாவியில் படங்களைத் தடுத்துவைக்கலாம். விளம்பரத் தடுப்பியைச் சேர்க்கலாம். உலாவி சேமித்து வைத்ததைத் துடையாதிருக்கலாம். 1992-ல் தோன்றிய லிங்ஸ் என்னும் உலாவி எழுத்தை மாத்திரமே காட்டும். அழகில்லை, ஆயினும் விரைவுண்டு. யான் மாணாக்கனுக்குச் சொன்ன உபாயம் ஒன்று: வேண்டிய பக்கம் ஐந்தாறினை ஒருங்கே திறந்து வைத்து, ஒன்றைப் படிக்கும்போதே மற்றவை வந்துசேர விடுக. காத்திருத்தல் ஒருமுறையோடு போகும். செய்மதிச் சேவையார் தம் கருவியிலேயே சில விடைகளை முன்கூட்டிச் சொல்லித் தாமதத்தை மறைப்பதும் உண்டு; விபிஎன் என்னும் உறைக்குள் எல்லாவற்றையும் மூடினால் அக்கருவி உள்ளே பார்க்க மாட்டாது, அவ்வுதவியும் போய்விடும்.

ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்தில் தாழப் பறக்கும் ஸ்டார்லிங்க் செய்மதிகள் 2025-ல் இலங்கைக்கும் சேவை தரத் தொடங்கின. இனி ஏன் இக்கவலை என்பாருளர். வாங்க வல்லார் வாங்குக. மாட்டாதார் பலர். அன்றியும், தூரம் குறைந்தமையாற் பக்கத்தின் பாரம் குறைந்ததாகாது. அளந்து விற்கும் தரவுக்குப் பணம் கட்டுகின்றவன், தான் கேளாத விளம்பரத்தின் வண்டிக் கூலியையும் தானே கட்டுகின்றான். அது நீதியன்று.

எங்கள் கல்லூரி மலரை இவ்வாண்டு இணையத்தில் ஏற்ற மாணாக்கர் விரும்புகின்றனர். அட்டைப்படம் அசைதல் வேண்டும், திறந்தவுடன் நாதசுரம் ஒலித்தல் வேண்டும் என்பது அவர் ஆசை. எழுத்து முதலில் வரட்டும். படம் வேண்டுவோன் தொட்டுப் பெறட்டும். நாதசுரம் வாசலில் நிற்கட்டும் என்று சொல்லியிருக்கின்றேன். இன்னும் இணங்கினாரல்லர்.