பூட்டிய பூங்காவில் ஊஞ்சல் எதற்கு?

2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது, ஆட வருபவரிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்குவது என்று முடிவு. எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. நல்லதுதான். ஆனால் கால்பந்தே மூச்சாகக் கிடக்கும் வடசென்னைப் பேட்டைகளில் ஒரு பையன் தினம் 120 ரூபாய்க்கு எங்கே போவான்? கை தூக்குவதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டிய கேள்வி அது.

அந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டிய கட்டாயத்தைச் சட்டமே உள்ளாட்சிகளுக்கு விதிக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இது கனவல்ல. வேல்ஸ் நாடு 2010இல் இதற்குச் சட்டம் இயற்றியது. அங்குள்ள ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் 3 ஆண்டுக்கு ஒருமுறை, தன் எல்லையில் பிள்ளைகள் விளையாடப் போதிய வாய்ப்பு இருக்கிறதா என்று மதிப்பிட வேண்டும். குறை தெரிந்தால், முடிந்தவரை அதை நிரப்பவும் வேண்டும். 2014 ஜூலையிலிருந்து இதுவும் கடமை. எத்தனை பூங்கா என்று எண்ணுவதோடு அந்த மதிப்பீடு நிற்பதில்லை. பிள்ளை தனியே நடந்து போக முடிகிறதா, தெருவில் வண்டிகளின் வேகம் என்ன, மாற்றுத்திறனுள்ள குழந்தைக்கு இடமுண்டா என்றெல்லாம் பார்க்கிறார்கள். கட்டணமும் அந்தப் பட்டியலில் உண்டு.

நம்மிடம் அதிகாரம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணை விளையாட்டுத் திடல்களை நகராட்சிகளின் பொறுப்பாகவே சொல்கிறது. தமிழகத்தின் 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழியுண்டு. இந்த வழியை அடைக்க வேண்டும். கஜானாவுக்கு வரும் பணத்தில் யாரும் பம்பரம் விட முடியாது.

நிலம் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காப் பக்கம் வருவது குறைந்துபோவதை 1990களில் வியன்னா நகரம் ஓர் ஆய்வில் கண்டுகொண்டது. திடலைப் பையன்கள் பிடித்துக்கொள்ள, இவர்கள் சத்தமில்லாமல் ஒதுங்கியிருந்தார்கள். 1999இல் ஐன்சீட்லர் பூங்காவைத் திருத்தி, ஒரே பெரிய வெளியாக இருந்ததைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். சிறுமிகள் திரும்ப வந்தார்கள். நம்மூரில் இப்படி யாரும் கணக்கெடுப்பதில்லை. டெண்டரில் வருவது அதே சறுக்கு மரம், அதே ஊஞ்சல். பள்ளி விட்டு வரும் நேரத்தில் வாசலில் பூட்டு தொங்கும். உள்ளே ‘பந்து விளையாடக் கூடாது’ என்று ஒரு பலகை வேறு.

எனவே, புதிதாக ஊஞ்சல் வாங்குமுன் அதிகாரிகள் மாலை 5 மணிக்கு வார்டுப் பிள்ளைகளோடு ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வதை எழுதி மாமன்றத்தில் வைக்க வேண்டும். பள்ளித் திடல்களை மாலையிலும் விடுமுறையிலும் திறந்துவிட வேண்டும்.

பகுதி சபைக்குப் போகிறவர்கள் தங்கள் வார்டில் ஒதுக்கப்பட்ட திறந்தவெளி நிலங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.