தக்க தருணத்துத் தோழமை

வாழப்பாடி வட்டாரத்தின் பாக்கு உரிக்கும் களங்களை நாம் அறிவோம். அங்கு அமர்ந்திருக்கும் பெண்களுள் ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், பக்கத்திலிருப்பவள் தன் அன்றைய கூலியை அவள் கையில் வைத்து அனுப்பிவிடுகிறாள். பெற்றவள், "ஆண்டவன் பார்த்து அனுப்பி வைத்தான்" என்கிறாள். உண்மைதான். ஆயினும் கொடுத்தவளின் வீட்டில் அன்றிரவு உலை கொதித்ததா என்று கேட்போர் குறைவு.

இலக்கிய வரலாற்றிலும் இத்தகைய தருணம் ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப் புலவரை, நபிகள் நாயகத்தின் வாழ்வைக் காப்பியமாக்கத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. நூல் நிறைவுறுமுன் வள்ளல் மறைந்தார். ஆதரவிழந்த புலவருக்குப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். (செல்வர் பலர் அந்நாளிலும் இருந்திருப்பர், முன்வந்தவர் இவர்.) சீறாப்புராணத்தின் 5,000க்கும் மேற்பட்ட பாடல்கள் நமக்குக் கிடைத்தன. இதில் இறைவனின் காலக்கணக்கைக் காண்பது பொருத்தமே. ஆனால் உமறு அத்தோடு அமையவில்லை. நபிகளைப் பாடும் நூலினுள்ளேயே, பல இடங்களில், மரைக்காயரின் பெயரைச் சொல்லிப் போற்றினார். தோழனுக்குரிய நன்றி இறைபுகழுக்கு இடையூறு என அவர் கருதவில்லை.

நாமோ, "இறைவன் பார்த்துக்கொண்டான்" என்று சொல்லி, கொடுத்தவனைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறோம். தேர்வுக் கட்டணத்தில் சிறு தொகை குறையும் மாணவனுக்கு, கடைசி நாளில், உடன்பயில்வோன் தன் பேருந்துக் காசைக் கொடுக்கிறான். அன்று மாலை அவன் ஆத்தூர்ச் சாலையில் நடந்தே வீடு திரும்புகிறான்.