உலக நெருக்கடியும் உப்பளத் தொழிலாளியும்

உலகத்தில் பண நெருக்கடி ஏற்படும்போதெல்லாம், “இது யாராலும் தடுக்க முடியாத காரியம், காலம் கெட்டுப் போயிற்று, எல்லோரும் கஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்” என்று பெரிய மனிதர்கள் பேசுவது வழக்கம். முன்னே பஞ்சமும் பேதியும் வந்தால் கிரகத்தின் மேல் பழியைப் போட்டு ஏழைகளின் வாயை அடைத்தவர்களுக்கும், இப்பொழுது “உலகச் சந்தை” என்று ஒரு புதுச் சாமியைக் காட்டி வாயை அடைக்கிறவர்களுக்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை. சாமி பெயரால் நடப்பதெல்லாம் பூசாரி செய்கிற காரியம் என்று தெரிந்துகொண்டவர்கள், சந்தையின் பெயரால் நடப்பதை யார் செய்கிறார்கள், எங்கே உட்கார்ந்து செய்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டாமா?

இதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. விழுப்புரம் ஜில்லா அனுமந்தையில் நின்று பார்த்தாலே போதும். வடக்கே மரக்காணம் உப்பளங்கள். தெற்கே போனால் புதுச்சேரி எல்லை. ஒரே கடல், ஒரே வெயில். ஆனால் நெப்போலியன் சண்டைகள் முடியும் தறுவாயில், 1815இல், இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் லண்டனில் ஓர் உடன்படிக்கை செய்து, பிரெஞ்சு எல்லைக்குள் விளையும் உப்பின் வியாபாரத்தை இங்கிலீஷ்காரர் கையில் ஒப்படைத்தார்கள். 1818இல் மற்றோர் உடன்படிக்கையால், ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் ஈடாகப் பேசிக்கொண்டு, அந்த எல்லையில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தினார்கள். பாத்தியில் உப்பு வாரினவனிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? ஐரோப்பாவின் சண்டைக் கணக்கு ஐரோப்பாவில் தீர்ந்தது. பாத்தி காய்ந்ததோ இந்தக் கரையில்!

அது ராஜாக்கள் காலம் என்று சொல்லலாம். சட்டசபைகள் வந்த பிறகு நடந்ததைப் பார்ப்போம். 1929இல் தொடங்கிய உலக மந்தத்தில் தானிய விலை பாதாளத்துக்குப் போய், குடியானவன் தாலி முதல் விற்றான். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பவுனைத் தங்கத்திலிருந்து விடுவித்துக்கொண்டது. உடனே லண்டனிலிருந்த இந்தியா மந்திரி, ரூபாயை அந்தப் பவுனோடேயே 18 பென்ஸ் கணக்கில் கட்டிப்போட்டார். அதே மாதத்தில் இந்திய சர்க்கார், வரவு செலவைச் சரிக்கட்ட வேண்டுமென்று, மற்ற வரிகளோடு உப்பு வரியையும் நூற்றுக்கு 25 வீதம் உயர்த்திற்று. மணங்குக்கு ஒரு ரூபாய் நாலணாவாயிருந்தது, ஒரு ரூபாய் ஒன்பதணாவாயிற்று. சட்டசபை அந்த மசோதாவைத் தள்ளிற்று. வைஸ்ராய் தம்முடைய தனி அதிகாரத்தைக் கொண்டு அதைச் சட்டமாக்கிக்கொண்டார். லண்டன் பவுனுக்கு வந்த காய்ச்சலுக்கு, கூலிக்காரன் கூழில் போடும் உப்பின் மேல் மருந்துச் செலவு எழுதப்பட்டது. உப்பு வரி ஒழிந்தது 1947இல்தான்.

நிற்க, இப்பேர்ப்பட்ட நெருக்கடி இனி வரக்கூடாதென்றுதான் 1944 ஜூலையில் அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் என்னுமிடத்தில் 44 நாட்டார் கூடி, சர்வதேச நாணய நிதியத்தையும் உலக வங்கியையும் ஏற்படுத்தினார்கள். நமது கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் அவர்களும் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராய்ப் போயிருந்தார். யுத்தத்திற்காக இந்தியாவில் சரக்கு வாங்கி, பணத்திற்குப் பதிலாக இங்கிலாந்து எழுதிவைத்த கடனைப்பற்றி நம்மவர்கள் அங்கே பேசினபோது, அது இந்தச் சபையில் தீர்க்கிற விஷயமல்ல, சம்பந்தப்பட்டவர்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது என்று இங்கிலாந்துப் பிரதிநிதி கீன்ஸ் தள்ளிவிட்டார். பணக்காரன் கடனாளியானால் அது வீட்டு விஷயம். ஏழை கடனாளியானால் அது உலக விஷயம்!

இன்றைய நிலைமை என்ன? நாணய நிதியத்தில் முக்கியமான காரியங்களுக்கு நூற்றுக்கு 85 ஓட்டு வேண்டும். அமெரிக்காவின் கையில் மட்டும் ஏறக்குறைய 16.5 இருக்கிறபடியால், அது தலையசைக்காமல் அங்கே எந்தப் பெரிய மாற்றமும் நடவாது. உலக ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இந்தியாவுக்கு 2.6 ஓட்டு. நிதியத்தின் தலைமைப் பதவிக்கு இன்றுவரை ஐரோப்பியர் தவிர மற்றவர் வந்ததில்லை. வங்கியின் தலைமைக்கு அமெரிக்கப் பிரஜை தவிர மற்றவர் வந்ததில்லை. பரம்பரைப் பட்டம் என்பது மடத்தில்தான் உண்டு என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொரோனா நெருக்கடிக்காக 2021இல் நிதியம் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு உரிமைகளைப் பங்கிட்டபோது, ஆப்பிரிக்கா முழுவதற்கும் கிடைத்தது ஏறக்குறைய 3,300 கோடி. பசித்தவன் இலைக்கு ஒரு கரண்டி, ஏப்பம் விட்டவன் இலைக்கு ஒரு குண்டான் என்பதுதான் அந்தப் பந்தியின் தர்மம்.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 2019இல் கண்டபடி வரியைக் குறைத்தும், 2021இல் திடீரென்று ரசாயன உரத்தைத் தடுத்தும் கெடுத்தவர்கள் அந்நாட்டு ஆட்சியாளர்களே. அதை நாம் மறைக்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாதென்று அந்நாடு கைவிரித்தது. 2023 மார்ச்சில் நிதியம் ஏறக்குறைய 300 கோடி டாலர் கொடுக்க இசைந்தது. ஆனால் பில்லை யாரிடம் நீட்டினார்கள்? 2022 தொடக்கத்தில் 8 சதவிகிதமாயிருந்த மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. உள்நாட்டுக் கடனைத் திருத்தியபோது, பாங்கிகள் வைத்திருந்த அரசாங்கப் பத்திரங்களை விட்டுவிட்டு, உழைப்பாளிகளின் ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்தார்கள். 1931இல் உப்பு; 2023இல் கிழவனானபின் கஞ்சிக்கென்று சேர்த்த காசு.

“பணம் போடுகிறவனுக்குத்தானே ஓட்டு?” என்று சிலர் கேட்கலாம். இதே நியாயத்தைத்தான் 1919ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் நம்மிடம் சொன்னார்கள். சொத்துள்ளவனுக்கும் வரி கட்டுகிறவனுக்கும்தான் ஓட்டு. கூலிக்காரனுக்கு இல்லை என்றார்கள். 1950இல் வந்த அரசியல் சட்டத்தில் அதை ஒழித்து, ஆளுக்கு ஒரு ஓட்டு என்றாக்கினோம். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. உலகப் பண ஆட்சி மட்டும் இன்னும் 1919லேயே உட்கார்ந்திருக்கிறது என்பதே நமது குற்றச்சாட்டு.

ஆகையால் நாம் கேட்பது மூன்று. சர்வதேச சபைகளில் ஓட்டுக்குப் பணப்பையோடு ஜனத்தொகையும் கணக்காக வேண்டும். தலைமைப் பதவி எந்த நாட்டாருக்கும் பொதுவாக வேண்டும். நெருக்கடிக் கடனின் நிபந்தனைகள் கையெழுத்தாவதற்கு முன் அந்தந்த நாட்டுச் சட்டசபையில் வெளிச்சத்துக்கு வந்தாக வேண்டும். வரி போட்டால் மிஞ்சி வைத்திருப்பவனிடம் முதலில் போடவேண்டுமேயொழிய, உண்ணும் பண்டத்தின் மேல் அல்ல.

மழை மாதங்களில் பாத்தி மூழ்கி வேலையற்றுப் போகும் உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாட்டு அரசாங்கம் 2021இல் அறிவித்தது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விஷயம். ஆனால் அதிலுள்ள கொள்கை சரியானது. மழை மனிதன் செய்ததல்ல. அதன் நஷ்டத்தைக்கூடத் தொழிலாளி ஒருவன் தலையிலேயே விடலாகாது என்று ஒப்புக்கொண்டோம். அப்படியிருக்க, மனிதர்களே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து செய்த நெருக்கடியின் நஷ்டத்தை மாத்திரம், அந்த மேஜையைக் கண்ணாலும் காணாதவன் ஏன் சுமக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை வரும்வரையில், “எல்லோரும் கஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்வோம்” என்ற பேச்சை யாரும் நம்பவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். முதலில் அதிகாரத்தைப் பங்கிடட்டும்; கஷ்டத்தைப் பிறகு பங்கிட்டுக்கொள்ளலாம்.