நிரல் போட்டி யாருக்கு?

பள்ளி மாணவர்களுக்கு மாவட்ட அளவில் கணினி நிரல் போட்டி நடத்துவது வரவேற்கத்தக்கது. ஆனால் நுழைவுக் கட்டணம், சொந்த மடிக்கணினி, ஆங்கிலத்தில் மட்டும் வினா என்று நிபந்தனைகள் அடுக்கப்பட்டால், சேரிப் பிள்ளைகள் போட்டி தொடங்கும் முன்பே வெளியேற்றப்படுகிறார்கள்.

அரசுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் படிப்போர் பிளஸ் 1-இல் சி பிளஸ் பிளஸ், பிளஸ் 2-வில் பைத்தான் கற்கிறார்கள். 'அவர்களுக்கு என்ன தெரியும்?' என்று ஒதுக்க இடமில்லை. இந்தியக் கணினி ஒலிம்பியாட்டின் மண்டலச் சுற்றிலேயே, நிரல் எழுதத் தெரியாதவரும் பங்கேற்கும் எழுத்துத் தேர்வு உண்டு. அதுபோல் முதல் சுற்றை அந்தந்தப் பள்ளியிலேயே தமிழ் வினாத்தாளுடன் நடத்தலாம்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் தனித் துறையின் கீழ் இயங்குகின்றன. எனவே முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக மட்டுமின்றி, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் வழியாகவும் அழைப்பு போக வேண்டும். விடுதி மாணவிகளுக்குக் காப்பாளர் அனுமதி, துணைக்கு ஓர் ஆசிரியை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றை அவரே உறுதிசெய்யலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024-இல் தனிச் சட்டமே வந்துவிட்ட பிறகு, இதற்கு நிதியில்லை என்பது ஏற்கத்தக்கதல்ல.

பரிசளிப்பு மேடையில் மாணவரின் பெயரும் மதிப்பெண்ணும் போதும். அனுதாப அடைமொழி வேண்டாம். அவர்கள் கேட்பது சலுகை அல்ல, சமமான தொடக்கக் கோடு.