பூக்காத நோய்

தூத்துக்குடிக் கடற்கரை மணலில் நிற்கும் எருக்கிலையைக் கட்டைவிரலால் தேய்த்தால் வெண்பொடி விரலோடு வரும். அடியில் பச்சை தெரியும். இலையின் ஈரம் வெயிலில் வற்றாமல் காக்கும் பூச்சு அது. சாம்பல் பூசணித் தோலில் படிந்திருப்பதும் இப்படியொரு மெழுகுதான். இத்தகைய இலைகளைத் தாவரவியலார் ‘கிளாக்கஸ்’ என்பார்கள். அந்தச் சொல்லும் ‘கிளாக்கோமா’ என்ற கண்நோயின் பெயரும் ‘கிளாக்கோஸ்’ என்னும் ஒரே கிரேக்க வேரில் முளைத்தவை. கடலையும் ஆலிவ் இலையையும் கிரேக்கர் அந்த நிறத்தால் சுட்டினார்கள்.

தமிழில், மேலே படியும் வெண்மையைச் சுட்டும் வேலையைப் ‘பூ’ பார்க்கிறது. நெருப்பில் நீறு பூக்கும்; பாத்தியில் உப்பு பூக்கும்; வழி பார்த்த கண் பூத்துப்போகும்; கருவிழியில் வெள்ளை விழுந்தால் ‘கண்ணுல பூ விழுந்திருக்கு’ என்போம். இரண்டு மொழிகளும் வெளியே தெரிந்ததற்குத்தான் பெயர் வைத்தன. பழைய கிரேக்க மருத்துவர் நிறம் மாறிய கண்மணிக்கு வைத்த அந்தப் பெயரில் கண்புரையும் அடங்கியிருந்தது. கண்வில்லை மங்குவதே புரை என்பது 18-ஆம் நூற்றாண்டில் தெளிவான பிறகே புரையும் கிளாக்கோமாவும் பிரிந்தன.

நம் ஊரில் இன்னும் பிரியவில்லை. பார்வை மங்கினால் ‘புரைதான், முத்தட்டும்’ என்று இருந்துவிடுகிறோம். புரைக்கு அறுவை உண்டு, பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் பார்வை நரம்பு நலிகிறது. கண்ணழுத்தம் கூடுவது அதற்கு முக்கியக் காரணம். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும். பெரும்பாலோருக்கு வலி இராது, பூவும் விழாது. போன பார்வை போனதுதான். தென் மாவட்டக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5150 பேரைச் சோதித்து 2003-இல் வெளியான அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வில் 2.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அதன் பரவலான வகை கண்டவர்களில் 93 விழுக்காட்டினருக்கு அதுவரை அது கண்டறியப்படவே இல்லை.

தூத்துக்குடி உப்பளங்களில், கண் கூசும் வெள்ளையில் நாள் முழுக்க உப்பு வாருகிறவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, அதை விடக்கூடாது. ஆனால் கண்ணாடி கிளாக்கோமாவைத் தடுக்காது. கண்ணழுத்தத்தை அளந்து, நரம்பையும் பார்த்தால்தான் அது பிடிபடும். மழை மாதங்களில் அளத்தில் வேலை இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அப்போது அளத்தை ஒட்டியே முகாம் நடத்தினால் ஒருவருக்கும் கூலி போகாது. மாவட்ட நிர்வாகமும் உப்பள முதலாளிகளும் சங்கங்களும் வரும் ஐப்பசியிலேயே இதைத் தொடங்கட்டும்.