எரியும் விளக்கை அசட்டை செய்யலாமா?



பிழைப்புக்காகப் பட்டணத்திற்கு வந்த நம்மில் அநேகர் இன்று சொந்தமாகக் கார் வைத்திருப்பது தேவன் அருளிய நன்மை. ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வசிக்கும் தமிழ் விசுவாசிகள் ஞாயிறு ஆராதனைக்கு மட்டுமல்ல, கிறிஸ்துமஸ் விடுமுறையில் நல்கொண்டா, ஓங்கோல், நெல்லூர் வழியாக ஏறத்தாழ 630 கிலோமீட்டர் கடந்து சென்னைக்கும் குடும்பமாய்க் காரிலேயே செல்லுகிறார்கள். புறப்படுமுன் ஜெபிக்கிறோம். ஆனால் டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தால், "வண்டி ஓடத்தானே செய்கிறது" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே இம்மாதம் அந்த விளக்குகளைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வோம்.

சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. தொடக்கத்தில் எரியவே இல்லை என்றாலும் பழுதே. பழைய கார் வாங்கும் சகோதரர்கள் இதை முதலில் கவனிக்கவும்; பழுதை மறைப்பதற்காக விளக்கையே செயலிழக்கச் செய்து விற்பவர்கள் உண்டு.

முதலாவது, வட்டத்திற்குள் ஆச்சரியக்குறியுடன் எரியும் சிவப்பு விளக்கு. ஹேண்ட் பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியும் எரிந்தால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டிற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அளவு குறைவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: பிரேக் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ ஒழுகும். காரணம் அறியாமல் ஆயிலை மட்டும் ஊற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதற்கு ஒப்பானது. பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால் ஓர் அடிகூட ஓட்டாமல், இழுவை வண்டியை அழையுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஸ்ரீசைலம் மலைப்பாதை போன்ற இறக்கங்களில் இடைவிடாமல் பிரேக்கை மிதித்தால், பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகி, பெடல் வீணாகும். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுகிறார்கள். உங்கள் காரின் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குங்கள்.

இரண்டாவது, மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்கு. இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல் கார்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் முன்பிருந்த மாடல்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அவசரத்தில் பிரேக்கை அழுத்தும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காத்து, ஸ்டீயரிங்கைத் திருப்ப இடமளிப்பது இதன் வேலை. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பொதுவாக வேலை செய்யும். ஆனால் அந்தப் பாதுகாப்பு இராது. முன்செல்லும் வண்டிக்கு அதிக இடைவெளி விட்டு, மெதுவாக ஒர்க் ஷாப்புக்குச் செல்லுங்கள்.

மூன்றாவது, சறுக்கும் கார் போன்ற படமுள்ள விளக்கு. ஈரச்சாலையில் அது விட்டுவிட்டு மின்னினால் பயப்பட வேண்டாம்; சக்கரம் வழுக்காதபடி அக்கருவி வேலை செய்கிறது என்பதே பொருள். வேகத்தைக் குறையுங்கள். அணையாமல் நிலையாக எரிந்தால், அதை நிறுத்திவைக்கும் பட்டனைத் தவறுதலாக யாரேனும் அழுத்தினார்களா என்று பாருங்கள். இல்லையெனில் பழுது.

ஏ.பி.எஸ். விளக்கும் சறுக்கல் விளக்கும் சேர்ந்து எரிவதைக் கண்டு இரண்டு பழுதுகள் என்று கலங்க வேண்டாம். இரண்டும் சக்கரங்களின் வேகத்தை அளக்கும் அதே சென்சார்களை நம்பியிருப்பதால், ஒரு சென்சார் கெட்டாலும் இரண்டும் எரியும். மழைக்காலப் பள்ளங்கள், சேறு, எலி கடித்த வயர், பலவீனமான பேட்டரி ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். 2020 அக்டோபரில் ஹைதராபாத் வெள்ளத்தில் மூழ்கியபோது நிகழ்ந்ததுபோல, தண்ணீரில் நின்ற கார்களில் வயர் இணைப்புகள் துருப்பிடித்துப் பின்னாளிலும் தொல்லை தரும். ஆனால் சிவப்பு விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால் காரியம் கடுமையானது. முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் அமைப்பும் நின்றிருக்கலாம். பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலக்கூடும். உடனே நிறுத்துங்கள்.

ஒர்க் ஷாப்பில் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். மலிவான ஸ்கேனர் எஞ்சின் பழுதை மட்டும் காட்டும், ஏ.பி.எஸ். பழுதையும் படிக்கும் கருவி வேண்டும். ஸ்கேனர் ஒரு சக்கரத்தைச் சுட்டியவுடன் சென்சாரை மாற்றிவிடாதிருங்கள். வண்டியை ஓட்டியபடியே நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிடச் செய்யுங்கள். மூன்று 20 காட்டும்போது ஒன்று பூஜ்யம் காட்டினால், முதலில் அதன் வயரையும் இணைப்பையும் பார்த்து, சென்சாரின் அழுக்கைத் துடைக்க வேண்டும். பல நேரங்களில் அவ்வளவே போதும். பழுதை நீக்காமல் பதிவை மட்டும் அழித்துத் தருகிறவர்களுக்குப் பணம் கொடாதிருங்கள்.

பிரியமானவர்களே, தேவன் காப்பார் என்று விசுவாசிப்பது வேறு, அவரைப் பரீட்சை பார்ப்பது வேறு. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி பிசாசு ஏவியபோது நம் ஆண்டவர் குதிக்கவில்லை. புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. விழுகிறவன் பிறனானாலும் பழி வீட்டுக்காரன்மேல் வரும். நம் காரின் பிரேக்கும் அப்படிப்பட்ட கைப்பிடிச்சுவரே. பின்சீட்டில் உறங்கும் நம் பிள்ளைகளுக்காக மட்டுமல்ல, சாலையைக் கடக்கும் முன்பின் அறியாத ஒரு தாய்க்காகவும் அதைச் சீராக வைப்பது நம் கடமை. அடுத்த பயணத்திற்கு ஜெபிக்குமுன், சாவியைத் திருப்பி அந்த விளக்குகளை ஒருமுறை பாருங்கள்.

கர்த்தர் உங்கள் பயணங்களை வாய்க்கப்பண்ணுவாராக. ஆமென்.