மூன்று தடவை கண்ணாடி மாற்றிய பிள்ளை



கிண்ணியாவில் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு மகன் இருந்தான். ஒன்பதாம் ஆண்டில் கண்ணாடி போட்டான். பத்தாம் ஆண்டு முடிவதற்குள் மூன்று தடவை கண்ணாடி மாறியது. மூன்றாவது கண்ணாடியோடும் பலகையில் கிடந்த 3ஐக் கொப்பியில் 8 என்று எழுதினான். நாங்கள் என்ன செய்தோம்? "கவனம் போதாது" என்று தவணை அறிக்கையில் எழுதினோம். வாப்பா, போன் பார்த்துப் பார்த்துத்தான் கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்று போனைப் பறித்து வைத்தார். கண்ணாடிக் கடையில் இன்னும் கொஞ்சம் பவர் ஏற்றிக் கொடுத்தார்கள். உம்மா கரட் சம்பல் போட்டார். ஆளாளுக்கு நம்மால் ஆனதைச் செய்தோம். பிள்ளையின் பார்வை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் திருகோணமலையில் ஒரு கண் டொக்டர் பார்த்து, கொழும்புக்கு எழுதி அனுப்பிய பிறகுதான் அந்த நோயின் பெயரை நாங்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். கெரட்டோகோனஸ்.

கண்ணின் முன்பக்கத்தில், கருமணியை மூடிக்கொண்டு, மணிக்கூட்டின் கண்ணாடி போலத் தெளிவாக ஒரு பகுதி இருக்கிறது. விஞ்ஞானப் புத்தகத்தில் விழிவெண்படலம் என்று பெயர் குறித்துப் படம் போட்டிருப்பார்கள். அதன் தடிப்பு அரை மில்லிமீட்டர் அளவுதான். இந்த நோயில் அது கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கண்ணுக்குள் இருக்கும் அமுக்கத்தால் முன்னால் தள்ளி, கூம்பு மாதிரி ஆகிவிடுகிறது. நெளிந்த தகரத்தில் முகம் பார்த்தால் எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளைக்கு உலகம் அப்படித்தான் தெரிகிறது. சாதாரண கண்ணாடி ஓரளவுக்குச் சரிசெய்யும். நெளிவு கூடக் கூட அதனாலும் முடியாது. அதனால்தான் கண்ணாடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டி வருகிறது.

இது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு தொடங்கி, முப்பது வயது தாண்டும் வரைக்கும் கூடிக்கொண்டு போகக்கூடியது. வயது குறையத் தொடங்கினால் வேகமாகக் கூடும். கணக்குப் பாருங்கள், அது பிள்ளை நம் முன்னால் வாங்கில் உட்கார்ந்திருக்கும் காலம். சுகாதாரப் பகுதியினர் பாடசாலைக்கு வந்து முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏழுக்கும் பத்துக்கும் இடையில் மூன்று வருடம் இருக்கிறது. ஒரு கண்ணின் வடிவம் மாறுவதற்கு அது தாராளம். அந்த இடைவெளியில் பிள்ளையைத் தினமும் பார்ப்பவர்கள் நாம்தான்.

நாம் எதைப் பார்க்க வேண்டும்? ஒரு வருடத்துக்குள் கண்ணாடி இரண்டு தடவை மாறினால் சந்தேகப்படுங்கள். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று ஒரு நிரல் இருக்கும். அந்த எண் ஒவ்வொரு தடவையும் ஏறுகிறதா, இரண்டு கண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சீட்டுகளை எறிய வேண்டாம், டொக்டருக்கு அவை மிகவும் உதவும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரிகிறது, இரவில் லைட்டுக்கு வால் முளைத்த மாதிரி இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதைக் கதையென்று தள்ளிவிடாதீர்கள். கடையில் பவர் பார்க்கும் கருவியால் மட்டும் இதை உறுதிப்படுத்த முடியாது. விழிவெண்படலத்தின் மேடு பள்ளத்தைப் படமாக எடுக்கும் ஸ்கேன் வேண்டும். டோப்போகிராபி என்பார்கள். அதைக் கேட்டு எடுங்கள்.

இனி, நம் ஊரில் நாம் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று: கண் கசக்குவது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் பிள்ளைகளின் கண்ணைப் பாருங்கள். மணலும் புழுதியும் வெயிலும் சேர்ந்து, கண் சிவந்து, நூல் நூலாகப் பீளை வந்து, இரண்டு கையாலும் போட்டுக் கசக்குவார்கள். வெப்பமான, வறண்ட இடங்களில் சிறுவர்களுக்கு வருகிற இந்த ஒவ்வாமைக்கும் கெரட்டோகோனஸுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது நன்றாக அறியப்பட்ட விஷயம். கடிக்கிற கண்ணை வருடக்கணக்காக அழுத்திக் கசக்குவது மெலிந்த படலத்தை இன்னும் தளர்த்துகிறது. போன் பார்ப்பதால் இந்த நோய் வருவதில்லை. கண்ணுக்குள் முட்டியை வைத்துத் தேய்ப்பதைத்தான் நிறுத்த வேண்டும். "கசக்காதே" என்று அதட்டினால் மட்டும் போதாது, கடி நிற்க வேண்டும். குளிர்ந்த துணியை மூடிய கண்மேல் வையுங்கள். ஒவ்வாமைக்கான சொட்டு மருந்தை டொக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

எழுதித்தான் வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சுகம் வந்ததென்று அதே போத்தலை பாமசியில் கேட்டு வாங்குகிறோம். ஸ்டிரொய்ட் கலந்த சொட்டு மருந்து இரண்டு நாளில் சிவப்பை எடுத்துவிடும், உண்மைதான். கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் அமுக்கம் ஏறி நரம்பு பழுதாகும், கண்புரையும் வரும். ஒன்றுக்கு இரண்டு நோயாகிவிடும்.

கண்ணூறு என்று ஓதிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓதுங்கள், துஆக் கேளுங்கள், நாமும் கேட்கிறோம். ஓதிய தண்ணீரைப் பிள்ளையின் கண்ணுக்குள் ஊற்றாதீர்கள். கிளினிக் திகதியையும் தவறவிடாதீர்கள்.

சிகிச்சை இருக்கிறது. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் கண்டுபிடித்து 2003இல் முடிவுகளை வெளியிட்ட முறை அது. குரொஸ் லிங்கிங் என்று சொல்கிறார்கள். ரைபோபிளேவின், அதாவது விற்றமின் பி2 கலந்த சொட்டுகளைக் கண்ணில் விட்டு, அளவான புறஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். முதலில் வந்த முறையில் சொட்டுக்கு அரை மணித்தியாலம், ஒளிக்கு அரை மணித்தியாலம். படலத்தின் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். இரண்டு மூன்று நாள் நோவும் கூச்சமும் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு நோய் அந்த இடத்தோடு நிற்கிறது.

அந்த இடத்தோடு நிற்கிறது என்பதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். போன பார்வையை அது திருப்பித் தராது. பதின்மூன்று வயதில் பிடித்தால் பதின்மூன்று வயதுப் பார்வை மிஞ்சும். பதினேழில் பிடித்தால் பதினேழில் மிஞ்சியிருப்பதுதான். படலம் அளவுக்கு மீறி மெலிந்துவிட்டால், வழமையான முறையில் இதைச் செய்யவும் முடியாமல் போகும். எங்கள் மாணவனின் இடது கண்ணுக்குச் செய்தார்கள். வலது கண்ணுக்குக் காலம் கடந்திருந்தது. அவனுடைய தவணை அறிக்கையில் நாங்கள் எழுதிய அந்த இரண்டு சொல் இன்றைக்கும் எங்களுக்கு உறுத்தலாக இருக்கிறது.

பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். "கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்களே" என்று பதினாறு வயது மகளைக் கண்ணாடி இல்லாமலே பாடசாலைக்கு அனுப்புகிற உம்மாமாரை நமக்குத் தெரியும். வீடு கட்டிக் கொடுக்க வருடக்கணக்காகச் சேமிக்கிற குடும்பம், ஒரு ஸ்கேனுக்குக் கொழும்பு பஸ் ஏறத் தயங்குகிறது. செலவைவிட, ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம். மறைக்கலாம், ஆனால் நோய் நிற்காது. கல்யாணத்துக்குப் பிறகு தெரிய வரும்போது பார்வையும் போயிருக்கும், பேச்சும் வாங்க வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் டியூஸ்பரியில் 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்குள்ள வெள்ளையர்களைவிட ஆசியர்களிடம் இந்த நோய் ஏழு மடங்குக்கு மேல் என்றது. அந்த ஆசியர்களில் பெரும்பாலோர் வட பாகிஸ்தானிலிருந்து போன முஸ்லிம்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்வதும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். மச்சான் முறையில் கட்டிக்கொள்கிற நமக்கு அதில் செய்தி இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு இருந்தால், கூடப் பிறந்தவர்களையும் காட்டுங்கள்.

கண்ணாடியால் முடியாத கட்டத்தில் கடினமான கொன்டாக்ட் லென்ஸ் கொடுப்பார்கள். நெளிந்த படலத்துக்கு மேலே ஒரு ஒழுங்கான முகப்பை அது வைக்கிறது, பார்வை நன்றாகத் தெளியும். நோயை நிறுத்தாது. லென்ஸ் போடும் பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணீரும் பள்ளி ஹவுழ் தண்ணீரும் கண்ணுக்குள் போகவே கூடாது, கடுமையான தொற்று வரலாம். வுழூவில் முகம்தான் கழுவ வேண்டும், கண்ணுக்குள் தண்ணீர் விடுவது கடமை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

அதற்கும் அப்பால் போனால் இறந்தவர் ஒருவரின் விழிவெண்படலத்தை எடுத்து வைக்க வேண்டும். இங்கே நமது நாட்டின் கதை பெருமையானது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம், 1964 முதல் வெளிநாடுகளுக்கும் கண் அனுப்புகிறது. அதிகம் பெற்ற நாடு எது தெரியுமா? பாகிஸ்தான். இறந்த சிங்கள பௌத்தர்களின் கண்களால் ஆயிரமாயிரம் முஸ்லிம்கள் குர்ஆன் ஓதுகிறார்கள். நாம் கொடுக்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988இல் நிபந்தனைகளோடு அனுமதித்தது. நமது துணைக்கண்டத்து அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. ஃபத்வா சொல்வது வாத்திமாரின் வேலை அல்ல. ஆனால் நம் பிள்ளைக்கு ஒரு கண் கிடைக்கும்போது நாம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மௌலவிமார் இதை மிம்பரில் திறந்து பேச வேண்டும் என்று கேட்கிறோம்.

அந்த மகனின் வலது கண் இப்போது அந்த வரிசையில்தான் நிற்கிறது. அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான், ஏழாம் ஆண்டு. கச்சான் தொடங்கியதிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் வகுப்பில் இருந்தான். போன கிழமை வாப்பாவைக் கூப்பிட்டுப் பேசினோம். அடுத்த கிளினிக் திகதிக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போகிறார்.